நான்காவது பெயருக்கு இடமில்லை என்கிறீர்கள்

தமிழ்ப் படங்களையும் தொடர்களையும் வெளியிடும் ஓடிடி தளங்கள், தொலைக்காட்சிகள் ஆகியவற்றின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு,

“நடிகர்கள் கட்டத்தில் மூன்று பெயர்களுக்கு மேல் வேண்டாம். ஏற்கெனவே கூடுதலாக உள்ளவற்றையும் நீக்கிவிடவும்.”

சென்ற மாதம் உங்களில் ஒருவரிடமிருந்து எங்களுக்கு வந்த அறிவுறுத்தல் இது. யார் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் மற்றவர்கள் ‘நல்லவேளை, நாங்கள் இல்லை’ என்று இருந்துவிடுவீர்கள். அப்படி இருந்துவிட உங்களில் ஒருவருக்கும் நியாயம் கிடையாது. சிலர் நான்கு பெயர் என்கிறீர்கள், சிலர் ஐந்து. சிலர் எண்ணிக்கையே சொல்லாமல், நாங்கள் அனுப்பியதில் முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கடாசிவிடுகிறீர்கள்.

உங்கள் தளத்தில் ஒரு படத்தைத் தொட்டதும் விரியும் விவரப் பக்கத்தை எழுதுகிறவர்களில் நானும் ஒருத்தி. கதைச் சுருக்கம், வெளியான ஆண்டு, இயக்கம், இசை, நடிப்பு, எந்த வகைப் படம், எந்த வயதினர் பார்க்கலாம் என்பதையெல்லாம் நிரப்பி அனுப்புவது என் வேலை. நீங்கள் மெட்டாடேட்டா என்பீர்கள். உங்களுக்கும் எங்களுக்கும் நடுவே இரண்டு நிறுவனங்கள் இருப்பதால் என் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை, நான் திரையில் வந்தவள் இல்லை. திரையில் வந்தவர்களுக்கு நீங்கள் செய்வதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மூன்று பெயர் விதியை வைத்துக்கொண்டு ‘மைக்கேல் மதன காமராஜன்’ பக்கத்தை நிரப்பிப் பாருங்கள். கமல்ஹாசனுக்கு நான்கு வேடம், ஆனால் ஒரே பெயர். அந்த மட்டில் மிச்சம். அடுத்து ஊர்வசி, குஷ்பு. கட்டம் நிறைந்துவிட்டது. நாயகிகளில் ஒருவரான ரூபிணிக்கே இடமில்லை என்னும்போது நாகேஷ், மனோரமா, எஸ்.என்.லட்சுமி, வெண்ணிற ஆடை மூர்த்தி, டெல்லி கணேஷ் எல்லோரும் வாசலுக்கு வெளியே. 1990 தீபாவளிக்கு வந்த அந்தப் படத்தை ஜனங்கள் இன்றைக்கும் எதற்காகத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? கமலுக்காகத்தான், மறுக்கவில்லை. கூடவே, சாம்பாரில் மீன் விழுந்த அந்தக் கல்யாணப் பந்திக்காக, பாலக்காட்டு மணி ஐயருக்காக, கைநீளமான அந்தப் பாட்டிக்காக, ‘அவினாசி’ நாகேஷுக்காக.

இது என் ஊகம் இல்லை. நடுவில் கொஞ்ச காலம் தேடல் சொற்களைத் தரம் பிரிக்கும் வேலையும் எங்களிடம் வந்தது. பார்வையாளர் தேடல் பெட்டியில் என்ன தட்டினார், அதற்குத் தளம் எதைக் காட்டியது, காட்டியது சரியா தப்பா என்று குறித்து அனுப்ப வேண்டும். ‘சாம்பார் மீன் காமெடி.’ ‘நாயகன் படத்துல ஐயரா வர்றவர்.’ ‘சிந்து பைரவி மிருதங்கக்காரர் பேர் என்ன.’ இப்படித்தான் ஜனங்கள் தேடுகிறார்கள். முகம் தெரிகிறது, குரல் தெரிகிறது, வேடம் தெரிகிறது. பெயர் நாக்கு நுனியில் நிற்கிறது. அந்தப் பெயரைச் சொல்லத்தான் உங்கள் பக்கம் இருக்கிறது. உங்கள் தளமோ ‘சாம்பார்’ என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு சமையல் நிகழ்ச்சிகளை வரிசையாக நீட்டியது. ‘தப்பு’ என்று குறித்து அனுப்பினோம். அதைத் திருத்த வேண்டுமானால் வேடத்தின் பெயரும் நடித்தவர் பெயரும் உள்ளே இருக்க வேண்டும். இப்போது வந்திருக்கும் உத்தரவு, உள்ளே இருந்த கொஞ்சத்தையும் எடுக்கச் சொல்கிறது.

டெல்லி கணேஷையே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் விதி என்ன செய்கிறது என்பதை அவரை வைத்துப் பார்த்தால் பளிச்சென்று தெரியும்.

1944-இல் வல்லநாட்டில் பிறந்தவர். 1964 முதல் பத்து வருஷம் விமானப் படையில் வேலை. டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் நடித்துக்கொண்டிருந்தவரை ‘பட்டினப் பிரவேசம்’ படத்தில் கே. பாலசந்தர் கொண்டுவந்தார், டெல்லி கணேஷ் என்ற பெயரும் அவர் வைத்ததுதான். அதன்பிறகு நானூறு படங்களுக்கு மேல்.

துரை இயக்கிய ‘பசி’ 1979-இல் வந்தது. சென்னைக் குடிசைப் பகுதியில் ரிக்‌ஷா இழுக்கும் தகப்பன் வேடம் அவருக்கு. மகளாக நடித்த ஷோபாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. டெல்லி கணேஷுக்கு மாநில அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது. தேசிய விருதுகளில் அப்போது துணை நடிகர் என்ற பிரிவே கிடையாது. 1984-ஆம் ஆண்டுக்கான விருதுகளில்தான் அதைச் சேர்த்தார்கள். அதாவது, அந்தத் தகப்பனை என்னவென்று அழைப்பது என்று அரசாங்கத்துக்கே ஐந்து வருஷம் கழித்துத்தான் தோன்றியிருக்கிறது. தாமதமானாலும் சேர்த்தார்கள். நீங்கள் இருந்ததை எடுக்கச் சொல்கிறீர்கள்.

‘சிந்து பைரவி’யைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் படத்தின் பக்கம் என் பங்குக்கு வந்திருக்கிறது. சிவகுமார், சுஹாசினி, சுலக்‌ஷணா: மூன்று பெயர் சரியாகப் போய்விட்டது. நான்காவதாக இருப்பவர் டெல்லி கணேஷ். நீக்க வேண்டிய பெயர். அந்தப் படத்தில் அவர் மிருதங்க வித்வான் குருமூர்த்தி. கச்சேரிக்குக் குடித்துவிட்டு வருகிறவர். பாடகர் ஜேகேபிக்கு அது ஆகாது. சங்கீதத்துக்குச் செய்யும் துரோகம் என்று கொதிக்கிறார். பின்பாதியில் அதே ஜேகேபி குடித்துவிட்டுத் தெருவில் நிற்பார். முன்பாதியில் குருமூர்த்தியின் முகத்தில் அந்தக் கூச்சமும் கெஞ்சலும் சரியாக விழுந்திருக்காவிட்டால் பின்பாதியின் அடி பார்க்கிறவர்கள் மேல் விழாது. கதை அந்த மிருதங்கக்காரரை ஊன்றித்தான் நிற்கிறது. குடிகாரனாக நடிக்கச் சொன்னால் தள்ளாடிக் காட்டுகிறவர்கள் நிறைய பேர். இவர் தள்ளாடாமல் நிற்கப் பாடுபடுகிறவனைக் காட்டியிருப்பார். நான் ஒன்றும் சினிமா விமர்சகர் கிடையாது. விவரப் பக்கத்துக்காக ஒரு படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் தானாகவே கண்ணில் படும்.

‘நாயக’னில் வேலு நாயக்கருக்குப் பக்கத்திலேயே நிற்கும் ஐயர். இரண்டே வருஷத்தில் ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தில் பிரான்சிஸ் அன்பரசு, நான்கு வில்லன்களில் ஒருவர். அடுத்த வருஷம் ‘மைக்கேல் மதன காமராஜ’னில் பாலக்காட்டுச் சமையல்காரர் மணி ஐயர். பிறகு ‘அவ்வை சண்முகி’யின் சேதுராமய்யர், ‘தெனாலி’யில் பொறாமையில் வேகும் டாக்டர் பஞ்சபூதம். இத்தனைக்கும் முகத்தை ஒட்டுவேலை செய்து மாற்றிக்கொண்டவர் இல்லை. ஏறக்குறைய அதே முகம்தான் எல்லாவற்றிலும். பேச்சு மாறும், நிற்கும் விதம் மாறும், பணம் இருப்பவன் பார்க்கும் பார்வையும் இல்லாதவன் பார்க்கும் பார்வையும் மாறும். திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர் ஒரு படத்தில் மெட்ராஸ் ரிக்‌ஷாக்காரரின் தமிழையும் இன்னொன்றில் பாலக்காட்டுத் தமிழையும் பேசுவார். இரண்டிலும் இரவல் வாடை வராது. தொலைக்காட்சித் தொடர்கள் வந்தபோது தொடருக்குப் போனார். குறும்படம் எடுக்கிற பையன்கள் கூப்பிட்டால் அதற்கும் போனார். மற்ற நடிகர்களுக்குக் குரல் கொடுத்தார். 2024 ஜூலையில் வந்த ‘இந்தியன் 2’ வரைக்கும் நடித்துக்கொண்டுதான் இருந்தார்.

உங்கள் விதிப்படி அவர் பெயர் சந்தேகமில்லாமல் மிஞ்சக்கூடிய படம் ஒன்று உண்டு: ‘எங்கம்மா மகாராணி’, 1981. அதில் அவர் கதாநாயகன். அதைப் பார்த்தவர்கள் யாரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். 2024 நவம்பர் 9 இரவு அவர் காலமானார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே எங்கள் குழுவுக்கு அவசரச் செய்தி: ‘டெல்லி கணேஷ் அஞ்சலி’ என்று முகப்பில் ஒரு வரிசை வைக்க வேண்டும், மதியத்துக்குள் பட்டியல் வேண்டும். அனுப்பியது பழைய படங்களை ஏராளமாக வைத்திருக்கும் ஒரு தளம். தளத்துக்குள்ளேயே அவர் பெயரைப் போட்டுத் தேடினோம். ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடுகிற அளவுக்குத்தான் வந்தது. படங்கள் இல்லாமல் இல்லை. அவர் நடித்த படங்கள் அங்கே கொத்துக்கொத்தாக இருந்தன. பெரும்பாலான பக்கங்களில் பெயர் ஏற்றப்படவில்லை, அவ்வளவுதான். சில பக்கங்களில் ‘டில்லி கணேஷ்’ என்றும் சிலவற்றில் ‘தில்லி கணேஷ்’ என்றும் இருந்ததால் அவையும் சிக்கவில்லை. கடைசியில் நாங்கள் நான்கைந்து பேர் ஞாபகத்திலிருந்து எழுதினோம். என்னோடு வேலை பார்க்கும் பெண் தன் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டாள். அந்த அம்மாள் சமையலறையிலிருந்தே பதினைந்து படம் சொன்னார். உங்கள் அஞ்சலி வரிசை அந்த அம்மாளின் ஞாபகத்தில் ஓடியது.

அதை வைத்து அன்றைக்கு வந்த பார்வை எண்ணிக்கைக்குப் பாராட்டும் வந்தது. ‘இனிமேலாவது எல்லாப் பெயர்களையும் ஏற்றிவிடலாமா’ என்று நாங்கள் கேட்டதற்குப் பதில் வரவில்லை. இந்த உத்தரவுதான் பதில் போலிருக்கிறது.

தொலைக்காட்சிக்காரர்களே, நீங்கள் இதில் சேர்த்தி இல்லை என்று நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் பழைய படம் போடுகிறீர்கள். டைட்டில் கார்டு வருவதற்கு முன்னாலேயே படம் ஆரம்பமாகிவிடுகிறது. நேராக முதல் காட்சி. அல்லது படத்தின் பெயர், நாயகன் பெயர், இயக்குநர் பெயர் மூன்றும் மின்னி மறைகின்றன. என் அப்பா டைட்டில் ஓடும்போதே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பெயர்களைச் சத்தமாகப் படிக்கிற பழக்கம் உள்ளவர். எங்கள் வீட்டில் நடிகர்களின் பெயர்களை நாங்கள் கற்றுக்கொண்டதே அப்படித்தான். பூர்ணம் விஸ்வநாதன் யார், வி.கே.ராமசாமி யார், காகா ராதாகிருஷ்ணன் யார் என்பது அந்த ஐந்து நிமிஷத்தில் காதில் விழுந்தது. இப்போது அவர் படிப்பதற்கு ஒன்றும் இல்லை. விளம்பரத்துக்கு இடம் வேண்டும், புரிகிறது. ஆனால் அதே படத்தில் ஒரே விளம்பரத்தை இடைவேளைக்கு இடைவேளை இரண்டு தடவை போடுகிறீர்களே, அந்த இரண்டாவது தடவையின் நேரத்தை டைட்டிலுக்குக் கொடுத்தால் கணக்கு சரியாகிவிடும்.

ஓடிடியில் வெட்டுவதில்லை என்பீர்கள். வெட்டுவதில்லைதான். டைட்டில் தொடங்கிய நொடியில் ‘அறிமுகத்தைத் தவிர்’ என்று பொத்தான் எட்டிப் பார்க்கிறது. படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கினால் திரை ஒரு மூலைக்குச் சுருங்கி, அடுத்த படம் ‘ஐந்து, நான்கு, மூன்று’ என்று எண்ண ஆரம்பிக்கிறது. அந்த மூலையில் ஓடும் எழுத்தை பூதக்கண்ணாடி வைத்தாலும் படிக்க முடியாது.

தொடர்களின் நிலைமை இதைவிட மோசம். எம்.எஸ்.பாஸ்கரை எடுத்துக்கொள்ளுங்கள். டப்பிங் கலைஞராக எத்தனையோ படங்களில் குரலாக மட்டும் இருந்தவர். ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’ தொடரின் பட்டாபியாக வீட்டுக்கு வீடு தெரிந்தவர் ஆனார். ராதாமோகனின் ‘மொழி’யில், மகனை இழந்த அதிர்ச்சியில் 1984-ஓடு நின்றுபோய்விட்ட பேராசிரியராக வந்தார். பட்டாபியைப் பார்த்துச் சிரித்த அதே ஜனங்களை அந்த ஒரு அழுகையில் உட்காரவைத்துவிட்டார். ‘8 தோட்டாக்க’ளில் வேறொரு ஆள். ‘பார்க்கிங்’ படத்தில், கார் நிறுத்தும் இடத்துக்காக மேல்வீட்டு இளைஞனோடு மல்லுக்கட்டும் இளம்பரிதி. 2023-ஆம் ஆண்டுக்கான தேசிய விருது அந்த வேடத்துக்கு, சிறந்த துணை நடிகர் பிரிவில், கிடைத்தது.

இதில் உங்கள் கட்டம் எதைக் காப்பாற்றும்? ‘பார்க்கிங்’கில் பெயர் தங்கிவிடும், விருது வாங்கிவிட்டார், கதையே அவர்கள் இருவரைப் பற்றியது. ‘மொழி’யில் பிருத்விராஜ், ஜோதிகா, பிரகாஷ்ராஜ் என்றதும் கட்டம் மூடிக்கொள்ளும். பேராசிரியர் வெளியே. தொடரிலோ, நீங்கள் கொடுக்கும் படிவத்தில் ‘முதன்மை நடிகர்கள்’ என்ற ஒரே வரிதான். பட்டாபி எந்த வரியில் வருவார்? டப்பிங்குக்கு வரியே இல்லை.

நெடுந்தொடர்களில் இன்னொரு வேடிக்கை உண்டு. நான்கு வருஷம், ஐந்து வருஷம் ஓடும் கதையில் அப்பா மாறுவார், மாமியார் மாறுவார். ‘இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு கார்டு போடுவார்கள். தமிழ்நாட்டில் அதைத் தெரியாத வீடு கிடையாது. அந்தக் கார்டுக்கு இருக்கும் நாணயம்கூட உங்கள் பக்கத்துக்கு இல்லை. அதில் முதல் வாரத்தில் இருந்தவர்களின் பெயர் மட்டும் அப்படியே நிற்கும். பதிலுக்கு வந்து ஆயிரம் பகுதி நடித்தவர் எங்கேயும் இருக்க மாட்டார்.

நான் சாலிகிராமத்தில் குடியிருக்கிறேன். எங்கள் அடுக்ககத்தில் கீழ்த்தளத்தில் ஒரு அக்கா இருக்கிறார். தொடர்களில் பெரியம்மா, நாத்தனார், ஹாஸ்டல் வார்டன், நீதிபதி என்று இருபது வருஷத்துக்கு மேல் நடித்தவர். தெருவில் போனால் நான்கு பேர் நின்று பார்ப்பார்கள். முழங்கால் போனபின் வாய்ப்பு குறைந்துவிட்டது. கலைஞர்களுக்கான உதவித்தொகை ஒன்றுக்கு விண்ணப்பிக்கப் போனவரிடம் நடித்ததற்குச் சான்று கேட்டார்கள். ஒப்பந்தம் என்று எதுவும் கைக்கு வந்ததில்லை. பேட்டா வாங்கிக் கையெழுத்துப் போட்டதோடு சரி. ‘அந்தத் தளத்துலதான் என் சீரியல் ஓடுதே, நீ அங்கதானே வேலை பாக்குற, என் பேரு இருக்குற பக்கத்தை எடுத்துக் குடு’ என்று என்னிடம் வந்தார். மூன்று தொடர்களின் பக்கங்களையும் திறந்து பார்த்தேன். அவர் முகம் முகப்புப் படத்தில் இருந்தது, பின்வரிசையில், கொஞ்சம் மங்கலாக. பெயர் ஒன்றிலும் இல்லை. நானே போடலாம் என்றால், கட்டத்தில் இடம் இல்லை.

பெயர் இல்லாமல் போவது இப்படிச் சோற்றில் கை வைக்கிறது. ஒரு கேரக்டர் ஆர்ட்டிஸ்டை இன்றைக்கு யாராவது தேடவேண்டுமென்றால் ஏஜென்டுகளிடம் கேட்பதோடு உங்கள் தளங்களையும்தான் புரட்டுகிறார்கள். அங்கே இல்லாதவர் இல்லாதவர்தான்.

இதில் சட்டமும் இருக்கிறது. நான் வக்கீல் இல்லை, ஆனால் படிக்கத் தெரியும். பதிப்புரிமைச் சட்டத்தில் (காப்பிரைட் சட்டம்) 2012-இல் சேர்த்த 38பி பிரிவு, தன் நடிப்பு தன்னுடையது என்று அடையாளம் காட்டப்படும் உரிமையை நடிகருக்குக் கொடுக்கிறது. பயன்படுத்தும் விதமே பெயரை விட்டுவிடும்படி கட்டாயப்படுத்தினால் மட்டும் அதற்கு விலக்கு. கட்டத்தில் இடம் வைக்காதது அப்படியொரு கட்டாயமா என்று உங்கள் சட்டத் துறையைக் கேட்டுப் பாருங்கள். அதே சட்டத்தில் இன்னொரு இடம் என்னைத் திடுக்கிட வைத்தது. படத்தில் போகிற போக்கில் வந்து, தொழில் வழக்கப்படி டைட்டில் உட்பட எங்கேயும் பெயர் போடப்படாதவர், பெரும்பாலான உரிமைகளுக்கு ‘நடிகர்’ என்ற வரையறைக்குள்ளேயே வரமாட்டார். அங்கே சொல்லப்படுவது படத்தின் டைட்டிலைப் பற்றி, உங்கள் பக்கத்தைப் பற்றி இல்லை என்பது தெரியும். ஆனாலும் பெயர் போடுவது வெறும் மரியாதை விஷயம் இல்லை, ஒருவர் நடிகரா என்பதையே தீர்மானிக்கக்கூடியது என்று சட்டம் நினைக்கிறது. அந்த டைட்டிலைத்தான் ஒருவர் வெட்டுகிறீர்கள், ஒருவர் தவிர்க்கச் சொல்கிறீர்கள்.

உங்கள் தரப்பில் இரண்டு பதில்கள் வரும், இரண்டையும் பலமுறை கேட்டாகிவிட்டது. முதலாவது, டிவி திரையில் ஒரு வரிக்குமேல் காட்டினால் அசிங்கமாக இருக்கும் என்பது. காட்டுவது வேறு, வைத்திருப்பது வேறு. மூன்று பெயரைக் காட்டுங்கள், ‘மேலும்’ என்று ஒரு சொல் போடுங்கள், தொட்டால் மிச்சம் விரியட்டும். உள்ளிருக்கும் பதிவிலிருந்தே பெயரை அழிப்பதற்கும் திரை அழகுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டாவது, படத்தை விற்றவர்கள் கொடுத்த பட்டியல் அவ்வளவுதான் என்பது. உண்மை. பழைய படங்களுக்குப் பல நேரம் ஒரு துண்டுச் சீட்டுக்கூட வராது. ஆனால் பட்டியல் படத்துக்குள்ளேயே இருக்கிறது. டைட்டிலை நிறுத்தி நிறுத்தி எழுத ஒரு படத்துக்கு அரை மணி நேரம் போதும். எழுத நாங்கள் இருக்கிறோம். எழுதி அனுப்பியதை நீக்கச் சொல்லித்தான் இப்போது எங்களுக்குக் கூலி தருகிறீர்கள்.

அந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடிக்க, பெயர்களை மென்பொருளே பொருத்திக்கொள்ளட்டும் என்று விட்டதன் பலனையும் பார்த்தாகிவிட்டது. ஒரு தளத்தில் ‘காதலிக்க நேரமில்லை’ பக்கத்தில் டி.எஸ்.பாலையா இருக்க வேண்டிய இடத்தில் ஜூனியர் பாலையாவின் புகைப்படம் இருந்தது. 1964-இல் நாகேஷ் கதை சொல்லச் சொல்ல மிரண்டு உட்கார்ந்திருந்த அப்பாவின் இடத்தில் மகன். திருத்தச் சொல்லி எழுதினேன். கொஞ்ச நாளில் புகைப்படம் போய்விட்டது, பாலையா என்ற பெயரும் சேர்ந்தே போய்விட்டது. தவறைத் திருத்துவதற்கு இதைவிடச் சுருக்கமான வழி கிடையாதுதான்.

நான் கேட்பவை இவை.

மூன்று பெயர் உத்தரவைத் திரும்பப் பெறுங்கள். இதுவரை நீக்கியவற்றைப் பழைய பதிவிலிருந்து மீட்டு வையுங்கள். உங்களிடம் பழைய நகல் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். திரையில் எத்தனை பெயர் தெரிய வேண்டும் என்பது உங்கள் விருப்பம். பதிவில் டைட்டிலில் உள்ள அத்தனை பெயரும், தெரிந்த மட்டும் வேடத்தின் பெயரும் இருக்க வேண்டும். டெல்லி, டில்லி, தில்லி எதைத் தட்டினாலும் ஒரே ஆளிடம் போய்ச் சேரும்படி செய்யுங்கள். நாயகர்களின் பெயர்களுக்கு இதை ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறீர்கள்.

தொடர்களுக்குத் தனிப் படிவம் வேண்டும். ஒருவர் விலகி இன்னொருவர் வந்தால் இருவர் பெயரும், எந்தப் பகுதியிலிருந்து எந்தப் பகுதி வரை என்ற விவரமும் அதில் வர வேண்டும். டப்பிங் கலைஞருக்கு ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

தொலைக்காட்சிகள் டைட்டிலை முழுதாக ஓட்ட வேண்டும். முடியாது என்றால், நடிகர்கள் பெயர் வரும் கார்டுகளையாவது வெட்டாதீர்கள். ஓடிடி தளங்கள், இறுதிப் பெயர்கள் ஓடும்போது திரையைச் சுருக்காமல் விடும் வசதியை அமைப்புப் பக்கத்தில் எங்கோ புதைத்து வைக்காமல், வழக்கமான நிலையாகவே வைக்க வேண்டும்.

‘இதில் நான் நடித்திருக்கிறேன், என் பெயர் இல்லை’ என்று ஒரு நடிகரோ அவர் வீட்டாரோ எழுதினால் வாங்கிப் பார்த்துப் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும், தமிழ் தெரிந்த ஆள். நடித்ததை உறுதிசெய்து அவர் கையில் ஒரு கடிதம் கொடுக்கவும் அந்த ஆளுக்கு அதிகாரம் இருக்க வேண்டும். கீழ்த்தளத்து அக்காவுக்கு அது இந்த வருஷமே தேவைப்படுகிறது.

என் பங்குக்கு வந்த பட்டியலில் நீக்கும் வேலையை நான் தொடங்கவில்லை. தொடங்கவில்லை என்பதை எங்கள் நிறுவனத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பட்டியலை வேறு யாரிடமாவது கொடுத்துச் செய்துகொள்வது உங்களுக்கு ஒரு நாள் வேலைதான் என்பதும் தெரியும். கொடுப்பதற்கு முன், உத்தரவு நிற்கிறதா போகிறதா என்பதை எழுத்தில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் விவரப் பக்கங்களை எழுதுகிறவர்களில் ஒருத்தி
சாலிகிராமம், சென்னை